'இந்தியாவில் முதலாவது': ஒரு காலாட்படைப் பிரிவின் வரலாறு

பிளாசிப் போர் என்றவுடன் ராபர்ட் கிளைவின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. 1757 ஜூன் 23 என்ற நாளையும் மீர் ஜாபரின் துரோகத்தையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களுள் நானும் ஒருவன். அந்த மாந்தோப்பில் துப்பாக்கி ஏந்தி நின்ற ஆங்கிலச் சிப்பாய்கள் யார், எப்படி வந்தார்கள் என்று அன்று நான் கேட்டதில்லை. பின்னர் அக்கேள்வியே என்னை டார்செட்ஷயர் காலாட்படைப் பிரிவின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது. அதன் தொப்பிச் சின்னத்தில் 'பிரைமஸ் இன் இண்டிஸ்' என்னும் லத்தீன் தொடர் பொறிக்கப்பட்டிருந்தது. 'இந்தியாவில் முதலாவது' என்பது அதன் பொருள்.

பெயர் வந்த கதை

டார்செட் என்பது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஒரு கவுண்டி; நம் மாவட்டத்தைப் போன்றது. ஆனால் இப்படை பிறந்தது அங்கே அன்று, 1702இல் அயர்லாந்தில். பின்னர் அது 39ஆம் காலாட்படை என்று எண்ணால் அழைக்கப்பட்டது. ஆள் சேர்ப்பதற்கு உதவும் என்று கருதி, 1782இல் ஆங்கில அரசு படைகளுக்குக் கவுண்டிப் பெயர்களைச் சூட்டியது. அப்போது இதற்குக் கிடைத்த பெயர் கிழக்கு மிடில்செக்ஸ்! 1807இல்தான் அது டார்செட்ஷயர் ஆயிற்று. 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், அதுவரை மேற்கு நார்ஃபோக் என்ற பெயர் தாங்கிய 54ஆம் படை இதனுடன் இணைக்கப்பட்டது. இரண்டும் ஒரே பிரிவின் இரு பட்டாளங்கள் ஆயின. ஒன்று தாயகத்தில் இருக்க, மற்றொன்று கடல்கடந்து பணிபுரிவது அன்றைய ஏற்பாடு. டார்செஸ்டர் நகரம் அவற்றின் தலைமையிடம் ஆயிற்று.

சென்னையில் இறங்கிய படை

1754இல் 39ஆம் படை சென்னையில் வந்து இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்தச் சிப்பாய்களை முன்பே வைத்திருந்தது. ஆயினும் ஆங்கில மன்னரின் படைகளுள் இந்தியாவுக்கு முதலில் வந்தது இதுவே. மன்னரின் கர்னலான ஆட்லர்கிரானுக்கும் வணிகர்களின் சென்னை ஆட்சிக் குழுவுக்கும் ஒத்துப்போகவில்லை. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதே சச்சரவு. எனவே வங்கப் படையெடுப்பின் தலைமை கிளைவிடம் சென்றது. 39ஆம் படையின் ஒரு பகுதியே உடன் சென்றது. பிளாசிக்கு முன் நடந்த ஆலோசனையில் பெரும்பாலோர் பொறுத்திருக்கலாம் என்றபோது, உடனே தாக்க வேண்டும் என்றவர் இப்படையின் கேப்டன் அயர் கூட். 1760இல் நம் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற அதே கூட்தான் அவர்.

உயிர் கொடுத்த பெயர்

காகிதத்தில் மாறிமாறி எழுதப்பட்ட பெயருக்கு 20ஆம் நூற்றாண்டுப் போர்கள் உயிர் கொடுத்தன. 1915 மே 1 அன்று பெல்ஜியத்தில் '60ஆம் குன்று' என்னுமிடத்தில் முதற்பட்டாளத்தை நச்சுவாயு தாக்கியது. ஏறத்தாழ 90 பேர் அகழியிலேயே மாண்டனர். மெசபொட்டேமியாவின் குட் நகரில் இந்தியச் சிப்பாய்களோடு முற்றுகைப்பட்டுப் பசியில் வாடிய இரண்டாம் பட்டாளத்தார், 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தனர். சிறைப்பட்டவர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்குப் பதிலாக வந்த டார்செட் வீரர்களும் நார்ஃபோக் வீரர்களும் சேர்ந்து ஒரே பட்டாளமாகப் போரிட்டபோது, தங்களை 'நார்செட்ஸ்' என்று அழைத்துக்கொண்டனர். அரசு சூட்டிய பெயரைச் சிப்பாய் தன் பெயராக்கிக்கொண்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோஹிமாவில்

1944இல் முதற்பட்டாளம் ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, இரண்டாம் பட்டாளம் நாகர் மலையிலுள்ள கோஹிமாவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்காகவே கடும்போர் நடந்தது. மே 13 அன்று டாங்கியின் துணையுடன் அவ்விடம் கைப்பற்றப்பட்டது. சென்னையில் இறங்கி 190 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் இந்திய மண்ணில் அவர்கள் குருதி சிந்தினர். மூன்றே ஆண்டுகளில் நாம் விடுதலை பெற்றோம். 1958இல் டெவன்ஷயர் படையுடனும், 2007இல் 'தி ரைஃபிள்ஸ்' என்ற பெரும்படையுடனும் இணைந்து டார்செட்டின் பெயர் மறைந்தது.

முதலில் வந்தோம் என்பது அவர்களுக்குப் பெருமை. நமக்கோ அது அடிமைத்தனத்தின் முதற்படி. இதை நாம் மறக்கலாகாது. ஆனால் கோஹிமாக் கல்லறையை எண்ணும்போது என் மனம் வேறொன்றையும் சொல்கிறது. அந்த டென்னிஸ் மைதானத்தைச் சூழ்ந்து 1,420 கல்லறைகள் உள்ளன. அங்கேயே, எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர் தாங்கிய நினைவுச்சின்னமும் நிற்கிறது. பேரரசை அமைக்கத் திட்டமிட்டவர்கள் வேறு. அதற்காக மாண்டவர்கள் வேறு. தளபதிகளின் பெயர்களோடு நின்றுவிடாமல், இக்கல்லையும் அக்கல்லையும் சேர்த்துப் படிப்பவனே வரலாற்று மாணவன் என்பது என் துணிபு.