வெங்காயம், ஆப்பிள் சேர்த்த பன்றி நெய்: வீட்டுக் குறிப்புகள்

போலந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ‘ஸ்மாலெட்ஸ்’ என்ற பன்றி நெய்யை வீட்டிலேயே காய்ச்சலாம். ஈரம் எங்கே இருக்கிறது என்பதில் கவனம் இருந்தால் நெய் சீக்கிரம் கெடாது.

1. கறிக்கடையில் முதுகுக் கொழுப்பு என்று கேட்டு வாங்குங்கள். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இன்னும் வெண்மையானது, வாடையும் குறைவு. குடலை ஒட்டிய கொழுப்பு வேண்டாம்.

2. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் வழுக்காமல் வெட்டலாம். தோலையும் ஒட்டியிருக்கும் கறியையும் நீக்கி, ஒரே அளவில் சிறு சதுரங்களாக வெட்டுங்கள்.

3. அடிகனமான பாத்திரத்தில் கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். கொழுப்பு உருகத் தொடங்கும்வரை அடிபிடிக்காமல் இருக்கத்தான் இந்தத் தண்ணீர். மூடி போட வேண்டாம், அது வற்றியாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தீயைக் கூட்டினால் நெய் பழுப்பாகிக் கருகல் வாடை ஏறிவிடும்.

4. சலசலப்பு அடங்கி நெய் தெளிந்ததும், பாதியைத் துணியில் வடித்துத் தனியே எடுத்துவையுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. நெடுநாள் தாங்குவது இந்த வெறும் நெய்தான். வெங்காயம் விழுந்த நெய்யின் ஆயுள் குறைவு.

5. மீதி நெய்யில் மிதக்கும் துண்டுகள் வெளிர்பொன் நிறமானதும் பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, துருவிய புளிப்பு ஆப்பிள் பாதி சேருங்கள். நுரைத்துப் பொங்கும், எனவே பாத்திரத்தில் இடம் இருக்கட்டும். வெங்காயம் பொன்னிறமாகி நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்து உப்பு, மிளகுத்தூள், உலர்ந்த மார்ஜோரம் தூவுங்கள். மல்லிகைச் சரத்தில் சேர்த்துக் கட்டும் மரு இதே செடிதான். ஆனால் பூக்கடை மருவைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மருந்து அடித்ததாக இருக்கலாம்.

6. சூடாக அப்படியே விட்டால் துண்டுகளெல்லாம் அடியில் தங்கிவிடும். பாதி உறையும்போது இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, பிறகு சிறு ஜாடிகளில் நிரப்புங்கள்.

7. வடித்த நெய்யை ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் விளிம்புவரை நிரப்பி மூடினால் ஃப்ரிட்ஜில் சில மாதங்கள், ஃப்ரீசரில் ஓராண்டுவரை இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் சிக்கு வாடை வரும். வந்ததைத் தூக்கி எறியுங்கள். வெங்காயம் போட்டதைக் கட்டாயம் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குறிப்பாக, பூண்டு சேர்த்திருந்தால் வெளியில் வைக்கவே கூடாது. காற்றுப்படாத கொழுப்புக்குள் போட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். வாடையிலோ நிறத்திலோ அது தெரியாது.

8. நெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். மிஞ்சிய நெய்யைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும்.

9. கம்பு வகையைச் சேராத ‘ரை’ தானியத்தின் புளித்த ரொட்டியும், உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காயும் இதற்கு நல்ல துணை. வடித்த வெறும் நெய்யில் உருளைக்கிழங்கு வறுக்கலாம். தவக்காலத்துக்கு முந்தைய கொழுத்த வியாழனன்று போலந்துக்காரர்கள் ‘போன்ச்கி’ என்ற ஜாம் வைத்த உருண்டைகளை மரபாகப் பொரிப்பதும் இந்த நெய்யில்தான்.