வயலில் ஆரை ஏறினால் எந்த மருந்து?

களைக்கொல்லி வாங்கக் கடைக்குப் போகுமுன் வயலில் இறங்கி நாலு செடி பிடுங்கிப் பாருங்கள். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, குமராட்சிப் பக்கத்துச் சம்பா வயல் என்றால், தண்டை விரலில் உருட்டும்போது முக்கோணமாக நெருடுவது கோரை. கரிசலாங்கண்ணி, நீர்க்கிராம்பு, நீர்மேல்நெருப்பு எல்லாம் அகன்ற இலைக்களை. நாலு இலை ஒரே காம்பில் விரிந்து, இழுத்தால் சேற்றுக்குள்ளிருந்து கொடி நீளமாக வருகிறதா? அது ஆரை.

ஆரை பூக்காது, காய்க்காது, பெரணி இனம். ஆனாலும் அகன்ற இலைக்களைக் கணக்கில் சேர்த்துத்தான் மருந்து அடிக்கிறோம். அடிக்கொடி அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிவிடும். அதனால் கோனோவீடர் ஓட்டிய வயலில் பதினைந்து நாளில் ஆரை முன்னைவிடப் பச்சையாக நிற்கும். எங்கள் அத்தை மடி நிறையப் பறித்துக் கடைந்துதான் பார்த்தார். கீரை ருசியாகத்தான் இருந்தது, வயலில் ஆரை குறையவில்லை. வீராணம் பாசனத்தில் தண்ணீர் பாய்வதும் காய்வதும் மாறி மாறி வருவதால் ஆரையும், லெப்டோகுளோவா என்ற மெல்லிய கதிர்ப்புல்லும் பழைய களைகளை முந்திக்கொண்டன என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் களை ஆய்வாளராக இருந்த ஆர்.எம். கதிரேசன் எழுதியிருக்கிறார்.

போன வருஷமே ஆரை இருந்த வயலில் வெறும் பிரெட்டிலாகுளோரை நம்ப வேண்டாம். முளைக்கும் புல்லை அது நன்றாக அமுக்கும், சேற்றில் கிடக்கும் கொடியை ஒன்றும் செய்யாது. பென்சல்ஃப்யூரான் கலந்த குருணை ஏக்கருக்கு 4 கிலோ, நட்ட மூன்று நாளுக்குள் மணலோடு விசிறுவது மேல். ஆனால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வடியாமல் மெல்லிசாக நிற்க வேண்டும். கடைமடையில் அது நம் கையில் இல்லையென்றால் அந்தச் செலவு வீண். நேரடி விதைப்புக்காரர்கள் பிரெட்டிலாகுளோர் வாங்கும்போது நெல் முளையைக் காக்கும் பாதுகாப்பான் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

களை வந்தபின் அடிப்பதில்தான் குழப்பம். பழைய கை 2,4-டி. சோடியம் உப்பு 80 சத வகை ஏக்கருக்கு 500 கிராம், நட்டு மூன்று வாரம் கழித்து. விலை மலிவு. மறுநாளே களைத்தண்டு முறுக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அந்தத் திருப்திக்காகவே வாங்குபவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் கசப்பு வந்தது ஒரு புரட்டாசிக் காற்றில். நான் அடித்த சாரல் வரப்பு தாண்டிப் பக்கத்து வெண்டைக்குப் போனது. மூன்றாம் நாள் குருத்தெல்லாம் கிண்ணம்போலச் சுருண்டிருந்தது. ஈடு கொடுத்தேன், அவர் இன்னும் பேசுவதில்லை. வெண்டை, பருத்தி, உளுந்து பக்கத்தில் இருந்தால் இதைத் தொடாதீர்கள். எஸ்டர் வகை என்றால் வெயிலில் ஆவியாகவும் பறக்கும்.

ஆரையும் கோரையும் மட்டும் என்றால் என் தேர்வு மெட்சல்ஃப்யூரானும் குளோரிமியூரானும் சேர்ந்த தூள். ஏக்கருக்கு வெறும் 8 கிராம், ஒட்டும் திரவத்தோடு. இந்த 8 கிராமில்தான் பிசகு நடக்கிறது: டேங்குக்கு ஒரு சிட்டிகை என்று போடுகிறார்கள். முழுப் பொட்டலத்தையும் 1,200 மி.லி. தண்ணீரில் கரைத்து, 16 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு 100 மி.லி. ஊற்றினால் பன்னிரண்டு டேங்கில் ஏக்கர் முடியும். புல்லுக்கு இது உதவாது.

குதிரைவாலிப் புல்லும் கலந்திருந்தால் பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதம், ஏக்கருக்கு 100 மி.லி., களை மூன்று நாலு இலையில் இருக்கும்போது. அதுவும் லெப்டோகுளோவாவிடம் தோற்கும்; அதற்கு சைஹாலோஃபாப் தனியாக வேண்டும். எதை அடித்தாலும் தண்ணீரை வடித்து இலை வெளியே தெரிய அடியுங்கள், இரண்டு மூன்று நாளில் மறுபடி கட்டுங்கள். பிஸ்பைரிபேக் அடித்தால் ஆறு மணி நேரமாவது மழை தாங்க வேண்டும். ஐப்பசியில் சிதம்பரத்தில் இதைச் சொல்வது எளிது.

மெட்சல்ஃப்யூரான் தூளும் பிஸ்பைரிபேக்கும் உடனே கருக்காது. வளர்ச்சி நிற்கும், மஞ்சளாகும், சாக இரண்டு வாரத்துக்கு மேலாகும். ஐந்தாம் நாள் "மருந்து வேலை செய்யல" என்று மறுபடி அடிப்பவர்கள்தான் நெல்லையும் மஞ்சளாக்குகிறார்கள். இன்னொன்று: பென்சல்ஃப்யூரான், மெட்சல்ஃப்யூரான், பிஸ்பைரிபேக் மூன்றும் களைக்குள் ஒரே நொதியைத்தான் அடைக்கின்றன. டப்பா மாறினாலும் அடி ஒரே இடத்தில்தான். வருஷா வருஷம் இவற்றையே சுற்றினால் களை பழகிவிடும். 2,4-டி வேறு வழியில் கொல்வது. எனவே சுற்றிலும் நெல்லாகவே கிடக்கும் நடு வயலுக்கு, நாலு வருஷத்துக்கொருமுறை அந்தப் பழைய கையையே திருப்பிக் கூப்பிடலாம். 2020-இல் மத்திய அரசு தடை உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அதுவும் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2,4-டியைக் கூப்பிட்டால் அதற்கு டேங்கைத் தனியாக வையுங்கள். வழக்கமாக அதே டேங்கில்தான் அறுவடைக்குப் பின் உளுந்து பூக்கும்போது டிஏபி கரைசல் அடிக்கிறோம். கழுவியதாக நினைத்த குழாயில் தங்கிய துளி போதும், பூ கருகிவிடும். என்னுடையதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பட்டை போட்டு வைத்திருக்கிறேன்.