நேரத்தை நிறுக்கும் தராசு

மூணாறு மலையில் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுப்பார்கள். எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்வார்கள். குறித்த அளவுக்கு மேல் எடுத்தால் கூடுதல் காசு உண்டு.

செல்போனிலும் ஒரு தராசு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அது நம் நேரத்தை நிறுக்கிறது.

யூடியூப்பில் படம் பார்க்கிறோம். டிக்கெட் வாங்குவதில்லை. அப்படியானால் கம்பெனிக்கு எப்படிக் காசு வருகிறது? விளம்பரத்தால் வருகிறது. நாம் அதிக நேரம் பார்த்தால் அதிக விளம்பரம் காட்டலாம். முன்பு எத்தனை பேர் படத்தைத் திறந்தார்கள் என்று பார்த்தார்கள். 2012-இல் யூடியூப் அந்தக் கணக்கை மாற்றியது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முக்கியம் ஆனது.

இரவு லயத்து வீட்டில் இந்தப் பேச்சு கேட்கும்.

"அம்மா, மணி பன்னிரண்டு ஆச்சு."

"இந்த ஒண்ணு மட்டும் பாத்துட்டு வெச்சிடறேன்டி."

அந்த ஒன்று முடிவதே இல்லை. ஏன்?

சினிமாக் கொட்டகையில் படம் முடிந்தால் விளக்கு எரியும். எழுந்து வந்துவிடுவோம். போனில் விளக்கு எரியாது. ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம் தானே ஓடும். விரலால் தள்ளத் தள்ளப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். 2006-இல் அசா ரஸ்கின் என்ற அமெரிக்கர் இந்தத் தள்ளும் முறையை உருவாக்கினார். பக்கம் மாற்றும் சிரமம் குறையட்டும் என்று நினைத்துச் செய்தார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார்.

இன்னொன்றும் உண்டு. அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. பல படங்கள் சப்பென்று இருக்கும். திடீரென்று ஒன்று நன்றாக இருக்கும். அந்த ஒன்றைத் தேடி விரல் ஓயாது. பாலக்காட்டு எல்லையில் வாளையாரில் லாட்டரிக் கடைகள் இருக்கின்றன. அங்கே சீட்டு எடுப்பவருக்கு இது நன்றாகவே புரியும். இந்தச் சீட்டுக்கு விலை தூக்கம்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? காலையில் காட்டுக்குப் போக வேண்டும். மலைச் சரிவில் நிற்க வேண்டும். கண் எரியும். கால் தடுமாறும். கொழுந்தும் குறையும்.

செல்போன் கெட்டது என்று சொல்வது சரியல்ல. தேனியில் இருக்கும் மகனோடு அதில்தான் பேசுகிறோம். பேசி முடித்தால் வைத்துவிடுகிறோம். பணம் அனுப்பினாலும் அப்படித்தான். வேலை முடிந்தது, போன் கீழே போனது.

2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. தொண்டர்கள் வீடு வீடாக வந்து செல்போனைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தார்கள். அதைக் கீழே வைக்கவும் கற்க வேண்டும்.

யூடியூப்பில் அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. அதன் பெயர் ஆட்டோபிளே. அதை அணைத்துவிடலாம். இடைவேளை நினைவூட்டலும் உண்டு. அரை மணி என்று வைத்தால் அரை மணியில் அது சொல்லும். செட்டிங்ஸ் பகுதியில் நோட்டிஃபிகேஷன் என்று இருக்கும். அங்கே தேவையில்லாத மணிகளை நிறுத்தலாம். பேங்கில் இருந்து வரும் செய்திக்கு மட்டும் மணியை விட்டு வையுங்கள்.