மலையேறும் முதிய ஊர்திகள்

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளைக் கழித்துவிடுவது எளிது. அதனைச் சீர்செய்து மீண்டும் இயங்கச் செய்வது அரிது. காடு, மலை, மணல், சேறு ஆகியவற்றைக் கடப்பதற்கென உருவாக்கப்பட்ட பழைய ஊர்திகளை மீட்டெடுப்போர் எதிர்கொள்ளும் இடையூறுகளையும், அவற்றை அவர்கள் கடக்கும் முறைகளையும், மீட்டெடுத்தல் என்பதன் பொருளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

போர் ஈன்ற ஊர்தி

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் சென்றதால், சாலையற்ற இடங்களிலும் அவை ஓடின. போர் முடிந்தபின் இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் உதிரிப் பாகங்களை வரவழைத்து, பொருத்தி விற்கத் தொடங்கியது.

ஜீப்பினைக் கண்டு எழுந்த எண்ணமே இங்கிலாந்தில் லேண்ட் ரோவராக உருப்பெற்றது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடாக இருந்தமையால் அதன் மேற்கூட்டினை அலுமினியக் கலவையால் செய்தனர். தட்டுப்பாடு தந்த இந்தத் தீர்வே அவ்வூர்தியின் நீண்ட ஆயுளுக்கும் ஒரு காரணமாயிற்று.

துரு என்னும் பகை

அலுமினியக் கூடு எஃகினைப்போல் துருப்பிடிப்பதில்லை. ஆயினும், அதனைத் தாங்கும் அடிச்சட்டகம் எஃகால் ஆனது. பெட்டிவடிவில் உட்குழிவாக அமைந்த அச்சட்டகத்தினுள் சேறும் ஈரமும் தங்கும். வெளியே வண்ணப்பூச்சு பளபளக்க, உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், மின்வேதி வினையால் அலுமினியமும் வெண்பொடியாக உதிரும்.

பாரதியாரின் குயில்தோப்பால் பெயர்பெற்ற புதுச்சேரிக் கருவடிக்குப்பம் போன்ற கடலணித்த ஊர்களில் இவ்வுண்மையை விளக்கத் தேவையில்லை. சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் உப்புக்காற்றில் விரைந்து துருவேறுவதை அங்கு வாழ்வோர் நாள்தோறும் காண்கின்றனர். ஆகவே, பழைய ஊர்தியொன்றை வாங்குவோர் அதன் மேற்பூச்சைப் பார்த்து மயங்குதல் கூடாது. சிறு சுத்தியலால் சட்டகத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென்ற ஒலி உறுதியைக் காட்டும். மந்தமான ஒலி உள்ளே அரிப்பு இருப்பதை உணர்த்தும்.

இடையூறுகளும் அணுகுமுறையும்

மீட்டெடுக்கும் பணியில் முதல் இடையூறு பெரும்பாலும் எஞ்சினில் தோன்றும். பல்லாண்டுகள் ஓடாமல் நின்ற எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பொறுமையிழந்து வலிந்து சுழற்றினால் உட்பாகங்கள் முறியும். அனுபவமுள்ள தொழிலாளர் சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெயை ஊற்றிப் பல நாள்கள் ஊறவிடுவர். பின்னர் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைப்பர். அவசரத்தால் ஒரு மணியில் கெடுவது, காத்திருப்பால் ஒரு வாரத்தில் கைகூடும்.

இரண்டாவது இடையூறு உதிரிப் பாகங்கள் கிடைக்காமை. தயாரிப்பு நின்றுபோன ஊர்திக்குரிய பாகத்தைப் பழைய இரும்புக் கடைகளில் தேடவேண்டும். கிடைக்காதவிடத்துக் கடைசல் பட்டறையில் அளவெடுத்துச் செய்யவேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, திருகாணிகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதி வைக்காதவர்கள், பூட்டும்போது பெருந்துன்பம் அடைவர்.

மூன்றாவது இடையூறே கொடியது, அது மனச்சோர்வு. ஒரு பழுதை நீக்கும்போது மூன்று பழுதுகள் புதிதாக வெளிப்படும். செலவு, திட்டமிட்ட அளவைத் தாண்டும். பாதியில் கைவிடப்பட்ட ஊர்திகள் பல இவ்வாறு நின்றவையே. ஆம்ஸ்டர்டாமில் காட்டப்பட்ட லேண்ட் ரோவரின் வரலாறு இதற்குச் சான்று. 1960களுக்குப்பின் அது வேல்ஸ் நாட்டு வயலொன்றில் இருபது ஆண்டுகள் கிடந்தது. மீட்டெடுக்கும் எண்ணத்துடன் அதனை ஒருவர் வாங்கியும் பணி நிறைவேறவில்லை. பின்னர், அது உருவான சோலிஹல் நகருக்குச் சில கல் தொலைவில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதன் மீட்புப் பணி 2018இல் அறிவிக்கப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊர்தி

1955இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியே புறப்பட்டனர். இந்தியாவையும் பர்மாவையும் கடந்து 1956 மார்ச்சில் இலக்கை அடைந்தனர். அவ்விரு ஊர்திகளுள் 'கேம்பிரிட்ஜ்' பின்னாளில் ஈரானில் பள்ளத்தில் வீழ்ந்து அழிந்தது. 'ஆக்ஸ்ஃபோர்டு' அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் பல்லாண்டுகள் துருவேறிக் கிடந்தது.

2017இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சீரமைக்கப்பட்ட அது, 2019இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்படத் தயாரானது. முதற்பயணத்தில் பங்கேற்ற டிம் ஸ்லெசர் தம் 87ஆம் வயதில் அதில் செல்லவிருந்தார். புறப்படும் தறுவாயில் அவர் நோயுற்றார். பயணம் நிற்கவில்லை, அவருடைய பெயரர் அவரது இடத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஊர்தி இலண்டனை அடைந்தது.

சந்தக்பூ மலைப்பாதை

நம் நாட்டில் இவ்வகை ஊர்திகள் இன்றும் உழைத்துப் பிழைக்கும் இடம் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சன். அங்கிருந்து 31 கிலோமீட்டர் தொலைவில், 3636 மீட்டர் உயரத்தில், மேற்கு வங்கத்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய சந்தக்பூ உள்ளது. செங்குத்தான அப்பாதையில் 1950களைச் சேர்ந்த லேண்ட் ரோவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

அவற்றின் கூடு பழையது. ஆனால் பலவற்றின் எஞ்சின் புதியது. அசல் எஞ்சின் தேய்ந்தபின், இந்திய ஊர்திகளின் டீசல் எஞ்சினை ஓட்டுநர்களே பொருத்திக்கொண்டனர். அவர்களுக்கு அது விருப்பப்பணி அன்று, அடுப்பெரிவதற்கான வழி.

> தெரிந்து தெளிவோம்
> ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவுசெய்வதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்டது. அவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. அவ்வூர்திகளை வணிகத்திற்குப் பயன்படுத்துதல் கூடாது.

எது மீட்டெடுத்தல்?

இங்கு ஒரு வினா எழுகிறது. அசல் வடிவம் மாறாமல் காப்பதா, மாற்றங்களை ஏற்று உழைக்கச் செய்வதா, எது உண்மையான மீட்டெடுத்தல்? தொன்மை ஊர்திக்கான விதி முன்னதைப் போற்றுகிறது. சந்தக்பூ ஓட்டுநர்களோ பின்னதால் வாழ்கின்றனர். எஞ்சினை மாற்றியிராவிடில் அவ்வூர்திகள் பல என்றோ பழைய இரும்பாகியிருக்கும்.

புதுச்சேரிக் கடற்கரையிலிருந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையால் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பெற்று 2021இல் அது திறக்கப்பட்டது. கற்கள் புதியவை, ஊரின் நினைவில் அது பழைய மேரியே. கட்டடத்துக்குப் பொருந்துவது ஊர்திக்கும் பொருந்தும். வரலாற்றைக் காட்டவேண்டிய ஊர்தியில் அசல் பாகம் காக்கப்படவேண்டும். வாழ்வைத் தாங்கவேண்டிய ஊர்தியில் பயன்பாடு காக்கப்படவேண்டும். எதற்காக மீட்கிறோம் என்பதை முதற்போல்ட்டைக் கழற்றுமுன் தெளிந்தவர், இடையூறு வரும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதை அறிவார். அத்தெளிவில்லாதவர் முதல் தடையிலேயே தளர்வார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள ஊர்தி பழுதுபார்க்கும் பணிமனைக்குச் சென்று, தொழிலாளர் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுக்க.
2. 'பழமையைக் காத்தலில் மாற்றத்திற்கு இடமுண்டா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் வீட்டில் சீர்செய்து பயன்படுத்தப்படும் பழைய பொருளொன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.