நிலையமும் வானளாவியும்

நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் தொடர்வண்டி நிலையம் 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம், நிலையத்தின்மேல் 55 தளங்கள் கொண்ட அலுவலகக் கட்டடம் எழுப்ப 1968இல் அனுமதி கோரியது. நகரின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் மறுத்தது. மறுப்புக்குப் பின்னணி உண்டு. அந்நகரின் பென்சில்வேனியா நிலையம் 1963 முதல் இடிக்கப்பட்டபோது மக்கள் கொண்ட வருத்தமே 1965ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்திற்கு வித்திட்டது.

நிறுவனத்தின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நிலம் தனதாயின் அதன் மேலுள்ள வெளியும் தனதே. பழமையின் அழகை ஊரார் அனைவரும் நுகர, அதன் விலையை ஓர் உடைமையாளர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று அது வினவியது. நகரமோ, நிலையம் முன்போலவே இயங்கி வருவாய் ஈட்டலாம் என்றது. பயன்படுத்தாத கட்டட உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தது. வழக்கின் நுட்பம் இவ்விடத்தில்தான் உள்ளது: உயரம் முற்றாக மறுக்கப்படவில்லை, இடம்தான் மாற்றப்பட்டது.

1978இல் உச்ச நீதிமன்றம் நகரின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் அறுவர் ஏற்றனர். மூவர், சுமை சிலர்மீது மட்டும் விழுவதைச் சுட்டி மறுத்தனர்.

நிலையத்தை அடுத்து 2020இல் ஒன் வாண்டர்பில்ட் என்னும் வானளாவி திறக்கப்பட்டது. கூடுதல் தளங்களுக்கு ஈடாக, அதனைக் கட்டியோர் பயணியரின் நடைவழிகளையும் படிக்கட்டுகளையும் மேம்படுத்த ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவிட்டனர்.