பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி: யாருக்கு எந்த பிசியோதெரபி?

"பிள்ளை பெத்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று பச்சை உடம்புக்காரியிடம் பெரியவர்கள் சொல்வது அன்பால்தான். முதல் சில வாரங்களுக்கு அது உண்மையும்கூட. ஆறு வாரம் தாண்டியும் உட்காரவும் குழந்தையைத் தூக்கவும் வலிக்கிறது என்றால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதைப் பார்த்தே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படுக்கையில் புரளும்போது, மாடி ஏறும்போது, ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றும்போது முன்பக்க அந்தரங்க எலும்பிலோ பின்னால் பிட்டத்துக்கு மேலோ சுருக்கென்று பிடித்தால், அது பெரும்பாலும் இடுப்பெலும்பு மூட்டு வலி. வயிறு, பிட்டம், முதுகுத் தசைகளுக்கான பயிற்சிதான் இதற்கு முதல் தேர்வு. இடுப்பு பெல்ட் துணைக்கு மட்டுமே. அதையும் தொப்புளைச் சுற்றிக் கட்டாமல், தொடையெலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் மட்டத்தில் கட்ட வேண்டும். வயிறு உள்ளே போவதற்காகச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டுவது மூட்டைத் தாங்காது; அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும்.

அதிகம் குழம்புவது அடுத்த வகையில்தான். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது, கீழே ஏதோ இறங்குவது போலிருக்கிறது என்றால், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்திருக்கலாம். அதற்கு, அந்தத் தசையைச் சுருக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி நல்லது. கசிவுக்கு, ஒரு தடவைக்கு குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ். ஆனால் தாம்பத்திய உறவின்போது வலி, சிறுநீர் வரத் தொடங்கவே தாமதம், மலம் கழிக்கச் சிரமம், நாள் முழுக்க உள்ளே ஓர் இழுப்பு என்றால், அதே தசை இறுகிப்போயிருக்கக்கூடும். அப்போது கீகல் செய்வது, இறுக மூடிய கையை இன்னும் இறுக்கச் சொல்வது போலத்தான், வலி கூடலாம். 1948-இல் அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கீகல் அந்தப் பயிற்சியை எழுதியது தளர்ந்த தசைக்கு வலுவூட்டத்தான். இறுகிய தசைக்கு முதலில் வயிறு விரிய மூச்சிழுத்துத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, பிறகு பிசியோதெரபிஸ்ட் கையால் இளக்கிவிடும் சிகிச்சை. வலுவூட்டல் அதற்கு அப்புறம்தான். சிசேரியன் ஆனவர்களுக்கும் இந்தத் தளர்வோ இறுக்கமோ வரலாம். கர்ப்பகாலம் முழுக்கப் பாரம் தாங்கியது அதே தசைதான்.

தளர்வா இறுக்கமா என்று வெளியிலிருந்து ஊகிப்பது கடினம். பெண்கள் நலப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையுறை அணிந்த விரலால் உள்ளே பரிசோதித்துச் சொல்வார். பெண்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உங்கள் சம்மதம் கேட்காமல் தொடங்குபவரிடம் போகாதீர்கள்.

தையல் போட்ட இடத்தில் மட்டும் சுண்டி இழுத்தால், புண் முழுதும் ஆறிவிட்டதென்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு தழும்பை மெல்லத் தேய்த்து இளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே செய்யலாம்.

மின்தூண்டல் கருவிக்கோ, தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் பயோஃபீட்பேக் கருவிக்கோ எடுத்தவுடன் பணம் கட்ட வேண்டாம். கசிவுக்கான பயிற்சியிலேயே அவற்றை வழக்கமாகச் சேர்க்க நைஸ் பரிந்துரைப்பதில்லை. தசையைச் சுருக்கவே முடியாதவர்களுக்கு அவை உதவலாம்.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள திரவம் கசிவது, அதிக ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, சிறுநீர் அடைபடுவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் பிசியோதெரபி பிறகு; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்களே, அன்று உங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே வலிக்கிறது என்பதைக் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லி, பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.