டிக் டிக் சத்தம் கேட்டால் கரண்டை நிறுத்துங்கள்

ஆடிக் காற்றில் சிவகிரியில் கரண்ட் நாலு தடவை போய் நாலு தடவை வந்த ஒரு சாயங்காலம். ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையில் ஹார்டு டிஸ்க்கோடு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நேத்து மெதுவாத் தொறந்துச்சு. இன்னைக்கு டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. ஏழு வருசத்துக் கல்யாணமும் இதுலதான் கெடக்கு."

"எத்தனை தடவை மாட்டிப் பாத்திய அண்ணாச்சி?"

"பதினஞ்சு இருபது தடவ இருக்கும்."

அந்தப் பதிலைக் கேட்டதும் என் மனசு கனத்துவிட்டது. டிஸ்க் பழுதானது ஒரு கெடுதல் என்றால், அந்தப் பதினஞ்சு இருபது தடவை அதைவிடப் பெரிய கெடுதல். இருபது வருடமாக இந்தத் தொழிலில் நான் பார்த்ததில், பறிபோன படங்களிலும் கணக்குகளிலும் பாதிக்கு மேல் பதற்றத்தில் போனவைதான்.

ஏன் என்பதற்கு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகின்றன. 7200 சுற்றும் பெரிய டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. நம் ஊர் வழியாகப் போகும் திருமங்கலம் - கொல்லம் சாலையில் கார்கூட அந்த வேகத்தில் போகாது. படிக்கும் ஹெட் அந்தத் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஹெட் கெட்டுப்போய், தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தேடும்போது வருவதுதான் பெரும்பாலும் அந்த டிக் டிக். அப்போது மறுபடி கரண்ட் கொடுத்தால் உடைந்த ஹெட் தட்டின் பூச்சைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் இருந்த படத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

அண்ணாச்சியின் டிஸ்க்கை நான் மாட்டவே இல்லை. சுத்த அறை உள்ள ஒரு ரெக்கவரி மையத்துக்கு அனுப்பச் சொன்னேன். தூசி வடிகட்டிய அந்த அறையில்தான் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். வீட்டு மேசையில் திறந்தால் ஒரு தூசித் துகளே ஹெட்டுக்குப் பாறை. ஏறக்குறைய பாதிக் கல்யாணங்கள் கிடைத்தன. மீதி இருந்த இடத்தில் தட்டு தேய்ந்துபோயிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியபோது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்துபோனார்கள். அதில் இருந்த ஒரு ஹார்டு டிஸ்க் வானத்திலிருந்து விழுந்து, சுமார் ஆறு மாதம் கழித்துக் காய்ந்த ஏரிப் படுகையில் கிடைத்தது. வெளிப்பாகம் கருகி உருகியிருந்தது. தட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்து, வேறு பாகங்களில் பொருத்திப் படித்தார்கள். 99 சதவீதம் கிடைத்தது. அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. தகவல் எழுதப்பட்டிருந்த பகுதி கீறல் படாமல் தப்பியிருந்ததுதான் காரணம். விண்ணிலிருந்து விழுந்த தட்டு பிழைத்தது. மேசை மேல் இருந்த தட்டு, ஓடக் கூடாத நேரத்தில் ஓடியதால் தேய்ந்தது.

சத்தம் இல்லாமல், திறக்க மட்டும் நேரம் எடுக்கும் டிஸ்க் வேறு வகை. பெரும்பாலும் பேட் செக்டர், அதாவது தட்டில் படிக்க முடியாமல் போன இடம். என் வாழ்க்கையின் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. 2009இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க்கைக் கொடுத்தார். நான் உடனே விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிட்டேன். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று அந்த டிஸ்க்கிலேயே எழுதியது. காலையில் பார்த்தால் படங்களுக்குப் பதிலாகப் பெயரில்லாத துண்டுக் கோப்புகள். சிலவற்றைத்தான் திறக்க முடிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரே விதிதான்: நோயாளி டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை, எதையும் பழுதுபார்ப்பதில்லை. முதலில் முழு நகல். வேலையெல்லாம் நகலில்.

நகலெடுக்க நான் நம்புவது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள். பரீட்சையில் தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் எழுது, கஷ்டமானதைக் கடைசியில் பார் என்று வாத்தியார்கள் சொல்வார்களே, அதேதான் அது செய்வது. நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் விழும் டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்பதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள். மாறினால் எல்லாம் போச்சு.

புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை ஒன்றின் டேலி கணக்கை இப்படித்தான் எடுத்தேன். விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முழுக்க அதில். இன்வெர்ட்டரில் இரண்டு நாள் இரவும் பகலும் ஓடியது. பிறகு நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டினால், காணாமல் போயிருந்த பகுதி (பார்ட்டிஷன்) தெரிந்தது, உள்ளே டேலியின் 10000 என்ற கணக்கு ஃபோல்டரும் இருந்தது. முதலாளி தன் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கியாக ஒத்துப்பார்த்து முடித்த பிறகுதான் சாப்பிடப் போனார். கோப்பு அமைப்பே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் உதவும். அது கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துப் படங்களைப் பொறுக்கும். ஆனால் பெயர்கள் வராது.

கரண்ட் கொடுத்தும் அசைவே இல்லாத டிஸ்க்கில் சர்க்யூட் போர்டு போயிருக்கலாம். 12 வோல்ட் டிஸ்க்கில் லேப்டாப் அடாப்டரை மாற்றிச் செருகியதால் எரிந்தவை எத்தனையோ வந்திருக்கின்றன. அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கும். பழைய போர்டின் அந்தச் சிப்பையும் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும். பழுதான டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சத்தமே போடாமல் போகும். அழித்த இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் வசதி இருப்பதால் அதில் அழித்த கோப்பு திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய பத்திரிகைக் கோப்புகளை மீட்டு, அந்தக் காலத் தமிழ் எழுத்துரு இல்லாமல் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள்.

நகல் என்பது நமக்குப் புதிதல்ல. ஏடு செல்லரிக்கும் முன்னே பெயர்த்து எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான், உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 கணக்கும் அதே ஜாதிதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ஸ்டூடியோ அண்ணாச்சி இப்போது ஒரு டிஸ்க்கைச் சங்கரன்கோவிலில் இருக்கும் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முகூர்த்த மாதம் முடிந்ததும் கொண்டுபோய்ப் புதுப் படங்களை ஏற்றி, பத்துப் படத்தையாவது திறந்து பார்த்துவிட்டு வருகிறார்.

உங்கள் டிஸ்க் இன்று நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் இன்று இரவே ஒரு பிரதி எடுங்கள். சத்தம் வருகிறதா? இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் கேபிளைக் கழற்றுங்கள்.